படுவான்கரை வீட்டில் மூன்று பூனை, ஒரு கட்டுப் பன், வாய்க்கால் ஓரம் ஒரு புள்ளிப் பூனை

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுப் பக்கம் வயலோரமாக ஒரு வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். நீங்களும் மாமியும் பன் என்கிற கோரைப்புல்லில் பாய் இழைத்து விற்கிறீர்கள், இடைக்கிடை பனையோலைப் பெட்டியும் செய்கிறீர்கள். வீட்டில் மூன்று பூனை, அதில் ஒன்று சினை. இரவில் நரி ஊளையிடுகிறது. போன கிழமை வாய்க்கால் கட்டில் புள்ளி போட்ட பெரிய பூனை ஒன்றைக் கண்டீர்கள், அடுத்த நாள் ஒரு கோழியைக் காணவில்லை. அயல்வீட்டு அண்ணன் "அது புலிக்குட்டி, தாயும் கிட்டத்தான் நிற்கும், கண்ணி கட்டுவம்" என்கிறார். பூனைகளை இரவில் உள்ளே அடைத்தால் பன்னைப் பிய்த்து, பாயில் மூத்திரம் பெய்கின்றன. வெளியே விட்டால் உங்களுக்கு நித்திரை வருவதில்லை.

நான் கால்நடைப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் வீட்டார் அம்பாறைக் கரையோரம், பாய் இழைக்கிற குடும்பம். ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டது புலிக்குட்டியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணி வேண்டாம். பூனைகளை மைம்மலுக்கு முன் உள்ளே எடுத்து விடியும் வரை அடைக்கத்தான் வேண்டும், அதில் பேரம் இல்லை. நீங்கள் மாற்ற வேண்டியது பன்னும் பாயும் இருக்கிற இடத்தை. பூனையை வெளியே அனுப்பிப் பாயைக் காப்பாற்றப் பார்ப்பதால்தான் இரண்டுமே கெடுகின்றன.

இனி அந்தப் புள்ளிப் பூனை. இலங்கையில் காட்டில் வாழும் பூனை இனம் நான்கே நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை. நம் ஊரில் சிறுத்தையைத்தான் புலி என்கிறோம். நான்கும் கிழக்கில் உண்டு. சிறுத்தை கல்லோயா, லகுகல, குமண போன்ற காட்டுப் பக்கம். குளமும் வாய்க்காலும் கண்டலும் உள்ள இடமென்றால் மீன்பிடிப் பூனைதான் அங்கே வீட்டுக்காரன். வாவியும் வயலும் சந்திக்கிற உங்கள் பக்கம் அதற்கு விருப்பமான இடம்.

அடுத்த முறை ரோச் லைட் அடித்துப் பார்த்தால் வாலைப் பாருங்கள். புலிக்குட்டிக்கு வால் நீளம், உடம்புக்கு ஈடாக இழுபடும். மீன்பிடிப் பூனையின் வால் கட்டை, உடம்பின் பாதிகூட வராது, தடித்து இருக்கும். புலியின் புள்ளி பூப்போல வட்டம் கட்டி, நடுவில் வெளித்திருக்கும். மீன்பிடிப் பூனைக்கு அப்படி இல்லை. சாம்பல் கலந்த மங்கிய மண்ணிற உடம்பில் கறுத்த புள்ளிகள் முதுகோடு வரிசை வரிசையாக ஓடும், நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் கோடுகள் இருக்கும். கால் குட்டை, தலை பெரிது, காது சின்னதாக வட்டமாக இருக்கும், காதின் பின்புறம் கறுப்பு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. வீட்டுப் பூனை மூன்று நான்கு கிலோ என்றால் வளர்ந்த ஆண் மீன்பிடிப் பூனை 12 கிலோவையும் தாண்டும். அந்தப் பருமனைக் கண்டுதான் ஆட்கள் புலிக்குட்டி என்று அடிக்கிறார்கள். கோபம் வந்து அடிப்பதைவிட இப்படி ஆள்மாறி அடிபட்டுச் சாவதுதான் எனக்குக் கூடுதலாக வயிறெரிகிற விசயம்.

இது தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கிற பூனை. கால்விரல்களுக்கு இடையில் கொஞ்சம் சவ்வு உண்டு. நகம் முழுவதும் உள்ளே போகாது. சேற்றில் காலடி விழுந்தால் சில நேரம் நகக்குறியும் தெரியும். அதைக் கண்டு நாய் என்று நினைப்பவர்களும் உண்டு. சாப்பாடு மீன், நண்டு, தவளை, எலி, நீர்ப்பறவை. கோழி அகப்பட்டால் விடாது, அது உண்மை. கொழும்பில் சதுப்பு நிலத்தை ஒட்டி வாழும் மீன்பிடிப் பூனைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். அவை மதில் ஏறிக் குதித்து வீட்டுத் தொட்டிகளில் அலங்கார மீனைத் திருடித் தின்றன. தலைநகருக்குள்ளேயே அப்படி என்றால் வவுணதீவில் ஒன்று வாய்க்கால் கட்டில் நடப்பதில் புதினம் என்ன?

காட்டுப்பூனை வேறு. அதற்குப் புள்ளி இல்லை. மணல் நிறம், நீளக் கால், காது நுனியில் சின்னக் குஞ்சம், வால் நுனியில் கறுப்பு வளையம். வயலில் எலி பிடிக்க வரும், பகலிலும் கண்ணில் படும். துரும்பன் பூனையை நீங்கள் கண்டால் "யாருடைய குட்டி இது?" என்றுதான் கேட்பீர்கள். வளர்ந்ததே ஒன்று, ஒன்றரைக் கிலோதான். உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் அதுவும் ஒன்று. ஆள் இல்லாத பழைய வீட்டு முகட்டில்கூடக் குட்டி போடும். இரவில் கூரையில் தடதடவென்று ஓடிக் கோப்பிப்பழக் கழிவு மாதிரி எச்சம் வைத்துவிட்டுப் போவது இவை ஒன்றும் இல்லை, மரநாய். அது உங்கள் வாழைப்பழத்துக்கு எதிரி, பூனைக்கு அவ்வளவாக இல்லை.

சரி, இதில் எது உங்கள் பூனையைத் தின்னும்? மீன்பிடிப் பூனையும் காட்டுப்பூனையும் குட்டியைக் கொல்லலாம். வளர்ந்த பூனையோடு சண்டை வந்தால் உங்களுடையதுதான் தோற்கும். நரி ஒரு வளர்ந்த பூனையைக் கண்டால் பெரும்பாலும் விலகும். பூனை மரமேறும், நகத்தால் மூஞ்சியைக் கிழிக்கும், நரிக்கு அந்தக் கணக்குத் தெரியும். ஆனால் நரி சோடியாகத் திரிகிற பிராணி. இரண்டு நரிக்கு நடுவே வெட்டவெளியில் அகப்பட்ட பூனைக்கும், தனியே கிடக்கிற குட்டிக்கும் தப்பு வழி இல்லை. கபரக்கொய்யா என்கிற பெரிய நீருடும்பு, கோடிப்புறத்தில் குட்டி கிடந்தால் விழுங்கிவிட்டுப் போகும், அதற்கு இரவு வேண்டியதில்லை, பட்டப்பகலில் வரும். மலைப்பாம்பு வைக்கோல் பக்கம், கோழிக்கூட்டுப் பக்கம் கிடக்கும், முழுப் பூனையையும் விழுங்கும். முதலை உள்ள குளம், வாவிக் கரை என்றால் தண்ணீர் ஓரம் எதற்குமே நல்லதில்லை, ஆளுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை செய்த காலத்தில் செத்த பூனையையும் கிழிந்த பூனையையும் நிறையப் பார்த்தேன். அவற்றில் பெரும்பகுதி ஊர் நாய் கடித்ததும், மோட்டார் சைக்கிள் அடித்ததும், யாரோ எலிக்கு வைத்த மருந்தைத் தின்றதும், கம்பிக் கண்ணியில் இடுப்பு அறுபட்டதும்தான். நரி கொன்றது என்று கொண்டுவந்த பூனைகளிலும் கனக்க நாய்க்கடி போலத்தான் இருந்தன. நரி ஊளையிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது, நாய் நம் படலையடியில் படுத்திருக்கிறது, அதனால் பழி நரிக்கு. எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றே: இரவில் உள்ளே. நாயும் நரியும் காட்டுப்பூனையும் எல்லாம் மைம்மலுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கூடுதலாக நடமாடும். பூனைக்கும் அந்த நேரத்தில்தான் வேட்டைப் புத்தி ஏறும். அதனால்தான் அவை கதவடியில் நின்று கத்துகின்றன.

அடைப்பது எப்படி என்றால், சாப்பாட்டால். பகலில் தட்டில் சோறும் மீனும் எப்போதும் கிடந்தால் பூனை உங்களை மதிக்காது. காலையில் கொஞ்சம், பெரிய சாப்பாடு பொழுது சாய்கிற நேரம், அதுவும் வீட்டுக்குள் மட்டும். தட்டைத் தட்டுங்கள், அல்லது ஒரே மாதிரிக் கூப்பிடுங்கள். மூன்றும் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்தி அப்புறம் சாப்பாட்டை வையுங்கள். இரண்டு மூன்று கிழமைக்குள் அவையே நேரத்துக்கு வந்து குசினி வாசலில் குந்தும். முதல் சில இரவு கத்தும். எழும்பிக் கதவைத் திறந்தால் போச்சு, கத்தினால் திறக்கும் என்று படித்துவிடும்.

ஓட்டு வீடென்றால் சுவருக்கும் கூரைக்கும் இடையில் வெளி இருக்கும். பூனை அதால்தான் வெளியே போகும், மரநாய் அதால்தான் உள்ளே வரும். கோழிவலையை வளையிலும் சுவரிலும் ஆணி அடித்து அடையுங்கள். விறாந்தையைப் பூனைக்கு என்று ஒதுக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. மட்டக்களப்பில் பழைய மீன்வலைக்குப் பஞ்சமா? தடித்த நைலோன் வலையாகப் பார்த்து எடுத்து, விறாந்தையின் திறந்த பக்கத்தில் இறுக்கி அடித்தால் காற்றும் வரும், பூனையும் நிற்கும். இறுக்கி என்பதைக் கவனியுங்கள். தொளதொளவென்று தொங்கினால், தரையில் மிச்சம் கிடந்தால், பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும், பூனையின் நகமும் மாட்டும். கட்டிப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கட்டின பூனை ஓடவும் மாட்டாது, ஏறவும் மாட்டாது, நாய்க்குக் கையில் கொடுத்த மாதிரி.

மூத்திரப் பிரச்சினைக்கு வருவோம், உங்களுக்கு அதுதான் காசு இழப்பு. பூனை வேண்டுமென்று பாயைக் கெடுக்கவில்லை. இரவு முழுக்க அடைத்துவிட்டு மண்ணுள்ள ஓர் இடம் வைக்காவிட்டால் அது வேறு எங்கே போகும்? காய்ந்த பன் கட்டு கால் வைத்தால் நெகிழும், வாரினால் வாரப்படும், பூனைக்கு அது கக்கூசு போலவே இருக்கும். அகலமான பிளாஸ்டிக் பேசினில் நான்கு விரல் ஆழத்துக்கு மணல் போட்டு வையுங்கள். மணல் கிடைக்காவிட்டால் மில்லில் உமி சும்மாவே தருவார்கள், மரத்தூளும் சரி. மூன்று பூனைக்கு ஒன்று போதாது, குறைந்தது இரண்டு இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தினமும் அள்ள வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் வீட்டில் இருந்தால் அந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும், பூனை மலத்தில் இருந்து தொற்றக்கூடிய ஒரு கிருமி சிசுவைப் பாதிக்கும்.

பெய்த இடத்தை டெட்டோல், பினாயில் போட்டுக் கழுவாதீர்கள். அந்த வகை மருந்து பூனைக்கு நஞ்சு. கால் நனைந்து நக்கினாலே உடம்புக்குக் கெடுதி. பிளீச்சும் கூடாது, அதன் நெடி மூத்திர நெடிக்குக் கிட்ட என்பதால் பூனை திரும்ப அங்கேயே வரும். சீமெந்துத் தரை என்றால் சவர்க்காரத் தண்ணீர், பிறகு வினாகிரி கலந்த தண்ணீர், பிறகு வெயில். ஆனால் இழைத்த பாய்க்குள் இறங்கிவிட்டால் நான் அறிந்த எந்த வழியும் அதை முழுவதும் எடுக்காது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் நாற்றம் எழும்பும். அந்தப் பாயை விற்காதீர்கள். பூனைகளுக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆண்பூனை சுவரிலும் கட்டிலும் பீச்சி அடிப்பது வேறு சங்கதி, அது எல்லை குறிப்பது. அதற்கு மணல் தட்டு உதவாது, கருத்தடைதான் உதவும். பெண் பூனைக்கு ஐந்தாறு மாதத்திலேயே சூடு வரும், சினைக்காலம் ஒன்பது கிழமை, இடைவெளி விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். இப்போது சினையாக உள்ளது குட்டி போட்டுப் பால் மறந்ததும் மூன்றையும் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். அலைச்சல் குறையும், சண்டை குறையும், இரவுக் கத்தலும் பாதியாகும். குட்டி போட ஓர் இடம் இப்போதே காட்டி வையுங்கள். வீட்டுக்குள், இருண்ட மூலையில், பழைய சேலை விரித்த பெரிய கடகம் ஒன்று போதும். நீங்கள் காட்டாவிட்டால் அது கோடிப்புறத்து விறகுக்குள் போடும், அங்கே கபரக்கொய்யா மணம் பிடித்து வரும்.

பன்னைப் பிய்ப்பதற்கு வேறு காரணம். பூனை நகத்தின் மேலுறையைக் கழற்ற எதையாவது விறாண்ட வேண்டும், விறாண்டும்போது தன் மணத்தையும் அங்கே விடும். அடித்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் விறாண்டும், அவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்கு மேலான ஒரு கட்டையில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நாட்டுங்கள். அதைக் கண்காணாத மூலையில் வைக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, வைத்துவிட்டுப் பூனை திரும்பியும் பார்க்கவில்லை என்பார்கள். நீங்கள் இருந்து இழைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அது இப்போது விறாண்டுகிற அதே இடத்தில் வையுங்கள். நறுக்கி ஒதுக்கிய பன் துண்டுகளைக் கைப்பிடியாக இறுக்கிக் கட்டிக் கொடுத்தால் விளையாட்டுக்கும் ஆச்சு.

பன்னைத் தரையில் வைக்காதீர்கள். பழைய ஆட்கள் பரண் கட்டி, அல்லது வளையில் கயிறு போட்டுப் பன் கட்டுகளைத் தொங்க விடுவார்கள். பூனைக்காக மட்டும் செய்ததில்லை. தரையில் கிடக்கிற கட்டுக்குள் கறையான் ஏறும், ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும், எல்லாவற்றுக்கும் மேலாக எலி கூடு கட்டும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். முத்திரைப் புடையன் வயலோர வீட்டில் எலியைத் தேடித்தான் வருகிறது. இழைக்கிறவர்களோ விடிகாலைக் குளிர்ச்சியில் மங்கல் வெளிச்சத்தில் கட்டுக்குள் கை விட்டு உருவுகிறவர்கள். கட்டை எடுக்கும் முன் தடியால் தட்டுங்கள், வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். பூனை ஒரு கட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கை நீட்டிப் பின்வாங்கினால் அந்தக் கட்டில் கை வைக்க வேண்டாம், ஆளை வைத்துத் தடியால் வெளியே இழுத்து விரித்துப் பாருங்கள். உள்ளிப்பூடு இடித்துக் கரைத்து ஊற்றினால் பாம்பு வராது என்பதெல்லாம் மனத் திருப்திக்குத்தான்.

பாதி இழைத்த பாய்க்கு ஒரே வழி, எழும்பும்போது சுருட்டி நிமிர்த்தி அலுமாரிக்குப் பின்னால் வைப்பது, அல்லது மேலே தடித்த சீலை ஒன்றை விரிப்பது. நீங்கள் இருந்து சூடேறிய பாயைக் கண்டால் பூனை அங்கேதான் படுக்கும், அதை மாற்ற முடியாது. அருகிலேயே ஒரு பழைய தடுக்கைப் போட்டு அதில் உங்கள் பழைய சட்டை ஒன்றை விரியுங்கள், பாதி நாளாவது அங்கே கிடக்கும். விற்கிற பாயை முடிவில் ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்து வெயிலில் ஒருமுறை காட்டுங்கள். சிலருக்குப் பூனையின் எச்சிலும் பொடுகும் ஒத்துக்கொள்ளாது, அவை உரோமத்தோடு பாயில் ஒட்டியிருக்கும். வாங்குகிறவர் கேட்டால் வீட்டில் பூனை உண்டு என்று சொல்லிவிடுவதே மரியாதை.

சாயம் அவிக்கிற நாளில் பூனைகளை ஓர் அறையில் பூட்டுங்கள். இப்போது அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனைப் பக்கமும் சரி நம் பக்கமும் சரி, பெரும்பாலும் கடைச் சாயப்பொடிதான் பாவிக்கிறார்கள். கொட்டின பொடியில் பூனை நடந்தால் காலை நக்கும், வயிற்றுக்குள் போகும். ஆறுகிற சாயத் தண்ணீரையும் மூடி வையுங்கள். பாய்க்குப் பூச்சி பிடிக்காமல் வெள்ளைப் பூச்சி உருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பூனை உள்ள வீட்டில் அது கூடவே கூடாது.

ஆனால் கைவேலை வீட்டில் பூனைக்கு எமன் நூல்தான். பாய் ஓரம் தைக்கிற நூல், பெட்டிக்குப் பூப்போடுகிற நூல், ஊசியோடு கோத்த நூல். பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு, ஒருமுறை வாய்க்குள் போன நூலைத் துப்ப அதால் முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு நுனி நாக்கடியில் மாட்டி மற்ற நுனி குடலுக்குள் போனால் குடல் சுருங்கி மடிந்து நூலாலேயே அறுபடும். மருதமுனையில் தறி வைத்திருக்கும் வீடுகளில் பூனையை நூல் அறைக்குள் விடமாட்டார்கள் என்றால் அது நூலின் மீதுள்ள கவலையால்தான், நீங்கள் பூனையின் மீதுள்ள கவலையாலும் அதையே செய்யுங்கள். எழும்பும்போது நூலும் ஊசியும் மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சாப்பிடாமல் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். நோவென்று நினைத்துப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தும் அப்படித்தான், சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு ஆகாது.

வளவைப் பற்றிக் கொஞ்சம். நரியும் மீன்பிடிப் பூனையும் உங்கள் பூனையைத் தேடி வரவில்லை. மீன் கழுவின குடலும் செதிலும் கிணற்றடியில் கிடந்தால் அதற்கு வரும், கோழிக்கு வரும், எலிக்கு வரும். மீன் கழிவை முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். பூனைச் சாப்பாட்டு மிச்சம் இரவில் வெளியே கிடக்கக் கூடாது. கோழிக்கூடு தரையிலிருந்து உயர்ந்து, அடியில் பலகை அடித்து, கதவுக்குக் கொக்கி போட்டு இருக்கட்டும். கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், மீன்பிடிப் பூனையைத் தடுக்கத் தடித்த கம்பிவலை வேண்டும். வேலியோரப் பற்றையை வெட்டி ஒரு ஆள் அகலத்துக்கு வெளியாக்கிவிட்டால் எதுவும் பதுங்கி வராது.

நரியைப் பற்றி உங்களுக்கு ஒன்றே பயம் இருக்க வேண்டும், அது விசர்நோய். நம் நாட்டில் மனிதருக்கு அது பெரும்பாலும் நாயால் வருகிறது, ஆனால் நரியும் காவும், பூனையும் காவும். பட்டப்பகலில் ஆளுக்குப் பயமில்லாமல் தள்ளாடி வருகிற நரியைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே எடுங்கள். மூன்று பூனைக்கும் தடுப்பூசி இருக்கிறதா? குட்டிகளுக்கு மூன்று மாதம் நிரம்பியதும் போட வேண்டும், பிறகு வைத்தியர் சொல்கிற முறைக்கு வருடா வருடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் எப்போது, எங்கே என்று சொல்வார். எந்த மிருகம் கடித்தாலும் விறாண்டினாலும் காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடுவதும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் பூனையும் வேட்டைக்காரன்தான். அணில், ஓணான், புலுனி, தவளை என்று இரவு பகலாகக் கொன்றுகொண்டிருக்கும், பசிக்காவிட்டாலும். காட்டுப்பூனையோடு அது சேரவும் கூடும், வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து பூனைகளைக் கொத்தாக வாரிக்கொண்டு போகிற வைரஸ் நோயை அவற்றுக்குப் பரப்பவும் கூடும். எங்களுக்கு அவை ஆபத்து என்று நாம் பேசுகிறோம், அவற்றுக்கு நம் வீட்டுப் பூனையும் ஆபத்து. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, இரவில் அடைத்தால் அந்தக் கணக்கும் பாதி தீரும்.

இனி அயல்வீட்டு அண்ணன். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், கோழி போனவருக்குக் கோபம் இருக்கும். ஆனால் இரண்டு விசயம் சொல்லுங்கள். கம்பிக் கண்ணி ஆள் பார்த்து இறுக்காது. உங்கள் பூனை, அவருடைய நாய், யாருடையோ கன்றுக்குட்டி, எது முதலில் வருகிறதோ அதுதான் சாகும். இறைச்சிக்குள் வயல் நஞ்சு வைத்தாலும் அப்படித்தான். இரண்டாவது, மீன்பிடிப் பூனையும் சிறுத்தையும் துரும்பன் பூனையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கொன்றால் வழக்கு வரும். உண்மையிலேயே சிறுத்தைதான் என்று சந்தேகம் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், 1992 அவர்களுடைய அவசர இலக்கம். நரிக்கொம்பு எடுத்துத் தருகிறேன், வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று யாராவது வந்தால் அவரையும் அனுப்பிவிடுங்கள். நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை, அந்தப் பெயரில் ஏமாற்றித்தான் விற்கிறார்கள்.

ஒரு நயமும் சொல்லிப் பாருங்கள். வயல் செய்கிறவர் என்றால் எலி தின்கிற நெல் எவ்வளவு என்று அவருக்கே தெரியும். நரியும் காட்டுப்பூனையும் மீன்பிடிப் பூனையும் கூலி கேட்காமல் எலி பிடிக்கின்றன. அவருடைய கோழிக்கூட்டுக்கு உங்கள் வீட்டுக் கம்பிவலைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, போய் அடித்தும் கொடுத்தால் கதை அங்கேயே முடியும்.

பெரும்போக அறுவடைக்கு வெட்டு மெசின் இறங்கும்போது வரம்போரம், வயல் நடுவில், காட்டில் வாழும் பூனைகளின் கண் திறந்த குட்டிகள் அகப்படும். பிள்ளைகள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உங்களிடம்தான் வருவார்கள், பூனை வளர்க்கிற வீடு என்று. எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். தாய் அதே வயலில் எங்கோ பதுங்கி மெசின் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எடுத்த இடத்துக்குக் கிட்ட, வெட்டாத கரைப் பற்றையின் நிழலில் வைத்துவிட்டு ஆட்கள் விலகி நின்றால் பெரும்பாலும் இருட்டியதும் தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். விடிந்தும் அங்கேயே கிடந்தால் 1992க்குச் சொல்லுங்கள். அதற்குள் பசுப்பால் பருக்க வேண்டாம், வயிற்றோட்டம் பிடிக்கும்.

மாரி பிறக்க முன் மூன்று பூனைக்கும் மூடியுள்ள கூடை ஒன்றாவது செய்து வையுங்கள். படுவான்கரையில் வெள்ளம் ஏறினால் பாடசாலைக்கோ உறவினர் வீட்டுக்கோ போக வேண்டி வரும், அந்த நேரத்தில் பூனையை உரப்பைக்குள் பிடித்துப் போட்டுத் தூக்க முடியாது. பனையோலை மெல்லியது, பிய்த்துவிடும். ஈர்க்கையும் பிரம்பையும் கலந்து இறுக்கி இழைத்தால் தாங்கும். மாமிக்குக் கை பழக்கம் இருக்கும்தானே. மூடிக்கு இரண்டு பக்கமும் கயிறு வைக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் கட்டினால் பூனை தலையால் முட்டித் திறக்கும். இப்போதே திறந்து வைத்து அதற்குள் சாப்பாடு போட்டுப் பழக்குங்கள்.